ஆபத்துக்கு உதவும் பணம்

2021 டிசம்பர் 18ஆம் தேதிப் பெருமழையில் ஷா ஆலம், கிள்ளான் பகுதிகள் வெள்ளக்காடாயின. கிள்ளானில் எங்கள் வீட்டிலும் இடுப்பளவு நீர். அடுப்பு, ஐஸ் பெட்டி, மெத்தை யாவும் பாழ்.

கைகொடுத்தது, என் துணைவியார் மாதம் 100 வெள்ளியாகச் சேர்த்த பணம். முந்திய தீபாவளிக்குச் சோபா வாங்க அதைக் கேட்டேன்; மறுத்துவிட்டார். அன்று கோபித்தேன்; வெள்ளத்தன்று வெட்கினேன். கடனின்றி 4,000 வெள்ளியில் வீடு சீரானது.

செலவு எதிர்பாராததா, அவசியமா, தள்ளிப்போட முடியாததா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் மட்டுமே எடுக்க வேண்டும்; எடுத்ததை மாதந்தோறும் நிரப்ப வேண்டும்.

55 வயதுக்குட்பட்டோரின் ஊழியர் சேமநிதிச் சந்தாவில் 10 விழுக்காடு, 2024 மே முதல் எந்நேரமும் எடுக்கக்கூடிய கணக்கில் சேர்கிறது. ஆயினும் சேமநிதி முதுமைக்கானது. முதலில் வீட்டுச் சேமிப்பையே நாடுவோம்.