விழுந்தவனை விட்டு விலகாத அருள்

கோவில் மணி ஒலித்த பின்னரும் வீட்டோடு நின்றுவிடுகிறவர்கள் எல்லோரும் விசுவாசத்தை இழந்தவர்கள் அல்லர். “எத்தனை தரம் பாவசங்கீர்த்தனம் செய்தாலும் மறுகிழமை அதே பாவத்தில்தானே விழுகிறேன், இனி எந்த முகத்தோடு சுவாமியாரிடம் போவது?” என்று வெட்கத்தினால் விலகி நிற்போரும் அவர்களுள் உளர். குடியை விட முடியாத தகப்பன், கோபத்தை அடக்க முடியாத தாய், தீய பழக்கமொன்றை எவரிடமும் சொல்ல முடியாது தவிக்கும் இளைஞன் என இத்தகையோர் நம் குடும்பங்களிலேயே இருக்கின்றனர். இவர்களை இறைவனின் அருள் எட்டுமா? இக்கேள்விக்குச் சீன நாட்டுப் புனிதர் ஒருவரின் வாழ்க்கை தெளிவான விடை தருகிறது.

முப்பது ஆண்டுப் போராட்டம்

மாற்கு ஜி தியான்சியாங் என்பவர் 1834ஆம் ஆண்டு பிறந்தவர். சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் வைத்தியராக இருந்தவர். நல்ல கத்தோலிக்கர், ஏழைகளிடம் காசு வாங்காது வைத்தியம் செய்தவர். கடுமையான வயிற்று நோய் தம்மை வாட்டியபோது, நோவு தணிய அவர் அபினை உட்கொண்டார். அக்காலத்தில் அபின் ஒரு மருந்தாகவே கொள்ளப்பட்டது. ஆனால் மருந்தாக வந்தது விலங்காக மாறியது. அவர் அதற்கு அடிமையானார்.

திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனம் செய்தார். திரும்பத் திரும்ப விழுந்தார். போதைக்கு அடிமையாதல் ஒரு நோயுமாகும் என்ற அறிவு அன்று இருக்கவில்லை. ஆகவே அவரிடம் உண்மையான மனத்துயர் இல்லையென்று கருதிய குருவானவர், பழக்கத்தைக் கைவிடும்வரை பாவமன்னிப்பு அளிக்க மறுத்தார். அதனால் தேவநற்கருணையும் அவருக்குக் கிடைக்காமற் போயிற்று. இந்நிலை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது.

அவர் திருச்சபையின்மீது கோபங்கொண்டு விலகிச் சென்றிருக்கலாம், செல்லவில்லை. செபிப்பதை விடவில்லை. தம் விசுவாசத்தையும் மறைக்கவில்லை. பழக்கத்தை வெல்ல முடியாத தமக்கு விண்ணகம் செல்ல வேதசாட்சியாய் மரிப்பதே வழி என்று எண்ணி, அந்த வரத்துக்காக மன்றாடி வந்தார்.

1900ஆம் ஆண்டு பொக்சர் கிளர்ச்சியின்போது கிறிஸ்தவர்கள் வேட்டையாடப்பட்டார்கள். மாற்குவும் அவருடைய மகனும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் பிடிபட்டனர். தம் குடும்பத்தவருள் எவரும் தனிமையில் சாகக்கூடாது என்பதற்காக, தம்மைக் கடைசியாகக் கொல்லுமாறு அவர் கேட்டுக்கொண்டார். ஒவ்வொருவருக்கும் அருகில் நின்று தைரியமூட்டினார். இறுதியில் தேவமாதாவின் பிரார்த்தனையைப் பாடியவாறு தாமும் உயிர்துறந்தார். அது ஜூலை 7ஆம் திகதி. நூறு ஆண்டுகளின் பின், 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி, பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் சீன வேதசாட்சிகள் 120 பேரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தியபோது, மாற்குவும் அவர்களுள் ஒருவராக இருந்தார்.

நமக்குரிய பாடம்

அன்பார்ந்த வாசகர்களே, அருள் என்பது வென்றவனுக்குக் கொடுக்கப்படும் பரிசு அன்று. அது இறைவனின் இலவசக் கொடை. விழுந்தவன் மீண்டும் எழும்ப விரும்புகிறானே, அந்த விருப்பமே அருளின் வேலை. முப்பது ஆண்டுகளாக மாற்குவைச் செபத்தில் நிலைக்கச் செய்தது எதுவோ, அதுவே கொலைக்களத்திலும் அவரைத் தாங்கியது.

அடுத்து, மனந்திரும்புதலைப் பற்றியும் நாம் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். இனிமேல் பாவம் செய்வதில்லை என்ற உண்மையான தீர்மானம் வேண்டும். ஆனால் இனி ஒருபோதும் விழமாட்டேன் என்ற நிச்சயம் வேண்டியதில்லை. மீண்டும் விழுந்துவிடுவேனோ என்று அஞ்சுகிறவனின் தீர்மானமும் உண்மையானதாக இருக்கலாம். பழக்கமும் அச்சமும் மனநிலைக் காரணங்களும் ஒருவனின் குற்றப்பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று 1992ஆம் ஆண்டு வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கற்பிக்கிறது.

அப்படியானால் பாவத்தைப் பொருட்படுத்தாது இருக்கலாமா? கூடாது. இறைவன் இரக்கமுள்ளவர் என்று சொல்லிக்கொண்டு போராட்டத்தைக் கைவிடுகிறவன் மாற்குவின் வழியில் நடப்பவன் அல்லன். குடிக்கு அடிமையானவர் செபத்தோடு வைத்தியரின் உதவியையும் நாடவேண்டும். மருந்தும் நல்ல ஆலோசனையும் இறைவன் தரும் உதவிகளே. வீட்டில் அடியும் உதையும் நடக்குமானால், மனைவி மக்களுக்குப் பாதுகாப்புத் தேடுவது இரக்கத்துக்கு மாறானதன்று.

குடும்பத்தவருக்கும் ஒரு கடமை உண்டு. “நீ எங்கே திருந்தப் போகிறாய்” என்ற சொல், நொந்த மனத்துக்கு முன்னால் கதவைச் சாத்துகின்ற சொல். அதை நம் வாயிலிருந்து அகற்றுவோம். மாலைச் செபத்துக்கு அவரையும் கூப்பிடுவோம். வராவிட்டாலும் அவருக்கென்று ஓர் இடம் விட்டு வைப்போம்.

குடும்பமாகச் சிந்திக்க

1. வெட்கத்தினால் கோவிலுக்கு வராமல் நிற்பவர் நம் வீட்டிலோ அயலிலோ உண்டா? அவரை இக்கிழமை யார் சென்று சந்திப்பது?

2. பலமுறை விழுந்த பாவத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, பாவசங்கீர்த்தனத்தைத் தள்ளிப் போடுகிறோமா?

3. புனித மாற்குவும் ஏனைய சீன வேதசாட்சிகளும் நினைவுகூரப்படும் ஜூலை 9ஆம் திகதி, போதைக்கு அடிமையானவர்களுக்காகக் குடும்பமாக ஒரு செபமாலை சொல்லலாமா?