வீட்டிலேயே குடும்பப் படம் எடுக்கச் சில குறிப்புகள்

கல்யாணம், காதுகுத்து, புதுமனைப் புகுவிழாப் படங்கள் எல்லார் வீட்டிலும் ஆல்பம் ஆல்பமாக இருக்கின்றன. விசேஷம் எதுவும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வீடு எப்படி இருந்தது, பாட்டி எங்கே உட்காருவார், தம்பி எப்படிச் சாப்பிடுவான் என்று காட்டும் படங்கள்தான் குறைவு. அந்தப் படங்களை எடுக்கக் கையிலுள்ள போனே போதும்.

1. முதலில் நேரம். காலை 7 மணியிலிருந்து 9 வரையும், மாலை நாலரைக்கு மேலும் வெளிச்சம் சாய்வாக, இதமாக விழும். உச்சிவெயிலில் முற்றத்திலோ மாடியிலோ நிற்கவைத்தால் கண்குழிகளில் நிழல் கட்டும். எல்லார் முகமும் சுருங்கும். ஆனால் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அது தூங்கி எழுந்து, பால் குடித்து, தெளிவாக இருக்கும் நேரம் எதுவோ அதுதான் நல்ல நேரம். வெயில் சரியில்லை என்றால் அறையை மாற்றிக்கொள்ளலாம். பசித்த குழந்தையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

2. வீட்டுக்குள் எடுக்கும்போது ஜன்னலை நம்புங்கள், டியூப்லைட்டை அணையுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் முகத்தின் ஒரு பாதி ஒரு நிறமாகவும் மறு பாதி வேறு நிறமாகவும் தெரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சோக் போட்ட பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. கண்ணுக்கு அது தெரியாது. போனில் எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகளாக விழும். ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில், இரண்டு மூன்றடி தள்ளி உட்கார வையுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருண்டுவிடும். வெயில் நேராக உள்ளே அடித்தால் ஒரு வெள்ளை வேட்டியைக் குறுக்கே கட்டுங்கள். வெளிச்சம் பரவி மென்மையாகிவிடும். முகத்தின் மறுபக்கம் ரொம்ப நிழலாக இருந்தால் அந்தப் பக்கம் ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பை ஒருவர் பிடித்துக்கொண்டாலே போதும். சுவர்ப் பெயின்ட்டையும் கவனியுங்கள். அடர்ந்த பச்சைச் சுவரை ஒட்டி உட்கார்ந்தவரின் கன்னத்தில் பச்சை ஏறும். சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி உட்கார வைத்தால் சரியாகிவிடும்.

3. எல்லாவற்றிலும் முக்கியமானது இது: கைக்கு ஒரு வேலை கொடுங்கள். கேமராவைக் கண்டதும் முதலில் விறைத்துப்போவது கைகள்தான். கை விறைத்தால் முகமும் விறைக்கும். கீரை ஆய்வது, தலை பின்னிவிடுவது, முறுக்கு பிழிவது, தாயம் உருட்டுவது என்று அந்த வீட்டில் வழக்கமாக நடப்பது எதுவானாலும் சரி. புதிதாக ஒன்றைச் சொல்லிச் செய்யச் சொன்னால் அது நடிப்பாகத் தெரியும்.

பாட்டி மல்லிகை கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மடியில் ஈரத்துணி, அதன்மேல் பூ. பேத்தி இரண்டிரண்டாக எடுத்துக் கொடுக்கிறாள். முதலில் தள்ளி நின்று இருவரையும் சேர்த்து ஒரு படம். பிறகு நெருங்கிப் போய், வாழைநாரில் முடிச்சு விழும் விரல்களை மட்டும். அப்புறம் அவசரப்படாமல் காத்திருங்கள். பேத்தி காம்பை ஒடித்துவிடுவாள். பாட்டி நிமிர்ந்து அவளைப் பார்த்து ஏதோ சொல்வார். எடுக்க வேண்டிய படம் அந்த நொடியில் இருக்கிறது. போனை இறக்காமல் பிடித்திருப்பவருக்குத்தான் அது கிடைக்கும்.

4. குழந்தைகளை நின்றுகொண்டு எடுக்காதீர்கள். தரையில் உட்காருங்கள், தேவைப்பட்டால் பாயில் படுங்கள். கேமரா குழந்தையின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். “சிரி, சிரி” என்றால் பல்லைக் காட்டுமே தவிரச் சிரிக்காது. “தாத்தா காதுல ஒரு ரகசியம் சொல்லிட்டு வா” என்று அனுப்புங்கள். சொல்லும் முகம், கேட்கும் முகம் இரண்டும் ஒரே படத்தில் விழும். ஓடியாடும்போது தொடர்ச்சியாகப் பல படம் எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். கேமராவில் எடுப்பவர்கள் ஷட்டர் வேகத்தை 1/250க்குக் குறையாமல் வைத்தால் ஓடும் குழந்தை பெரும்பாலும் கலங்காமல் வரும்.

5. பெரியவர்களுக்கு விறைப்பாக நிற்பதுதான் போட்டோ. ஸ்டூடியோவில் “அசையாதீங்க” என்று சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். அதோடு சண்டை போட வேண்டாம். அவர் விரும்புகிறபடி சட்டை போட்டு, திருநீறு பூசி, நேராக உட்கார்ந்து முதல் படத்தை எடுத்துக்கொள்ளட்டும். அதை அவரிடமே காட்டுங்கள். “ஆச்சா?” என்று கேட்டு உடம்பைத் தளர்த்துவார் பாருங்கள், இரண்டாவது படம் அப்போது. கண்ணாடியில் வெளிச்சம் அடித்தால் முகவாயைச் சற்றே தாழ்த்தச் சொல்லுங்கள். பல் இல்லாதவரை வாய்விட்டுச் சிரிக்கும்படி வற்புறுத்தக் கூடாது. வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

6. போன் லென்ஸில் எப்போதும் கைரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். எடுப்பதற்கு முன் மெத்தென்ற பருத்தித் துணியால் துடையுங்கள்.

7. எல்லாரையும் அடக்க வேண்டும் என்று 0.5 லென்ஸுக்குப் போகாதீர்கள். ஓரத்தில் இருப்பவர்களின் முகமும் தோளும் இழுபட்டுத் தெரியும். இரண்டடி பின்னால் போய்ச் சாதாரண லென்ஸிலேயே எடுங்கள். கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் வீட்டுக்குள் நல்ல துணை. முன்னும் பின்னுமாக நாலைந்து பேர் இருந்தால் லென்ஸ் துளையை (அபெர்ச்சர்) எஃப் 5.6க்கு அருகில் வையுங்கள். எஃப் 1.8இல் முன்வரிசை தெளிவாக வந்து, பின்வரிசை மங்கலாகப் போய்விடும்.

8. எல்லாருக்கும் ஒரே நிறத்தில் உடை எடுக்க வேண்டியதில்லை. பொடிக்கட்டம், மெல்லிய கோடு போட்ட சட்டைகளைத் தவிருங்கள். படத்தில் அவை அலையலையாகத் தெரியக்கூடும். பட்டுப்புடவை கட்டினால் ஃபிளாஷ் வேண்டாம், சரிகை வெளுத்துவிடும்.

9. அறையை ஒட்டுமொத்தமாக ஒழித்துப் பளிச்சென்று ஆக்கிவிடாதீர்கள். பிளாஸ்டிக் பை, சார்ஜர் வயர், துடைப்பம் இவற்றை மட்டும் நகர்த்தினால் போதும். தாத்தாவின் சாய்வு நாற்காலி, சுவரில் இருக்கும் சாமி படம், கொடியில் தொங்கும் துண்டு எல்லாம் இருக்கட்டும். தினசரிக் காலண்டர் இருந்தால் அன்றைய தேதி வரை கிழித்துவிட்டு அதுவும் படத்தில் விழும்படி ஒன்று எடுங்கள்.

10. எடுப்பவர் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து, 10 நொடி டைமர் வைத்து ஓடிப்போய் உட்காருங்கள். அல்லது பத்து வயதுப் பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிடுங்கள். அந்த உயரத்திலிருந்து பார்க்கும் பார்வையே வேறு. தன் பிள்ளை எடுக்கும்போது மலர்வதுபோல் அம்மாவின் முகம் வேறு யாருக்கும் மலராது.

11. அன்றிரவே உட்கார்ந்து தேறியவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். ஊரில் இருக்கும் அத்தைக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். 4க்கு 6 அங்குலப் பிரின்ட் நன்றாக வர 1200க்கு 1800 பிக்ஸல் வேண்டும். சுருங்கிய படத்தைக் கடையில் கொடுக்காதீர்கள். மேட் தாளில் போட்டால் விரல்தடம் அவ்வளவாகத் தெரியாது. பசை தடவிய அட்டையில் ஒட்டும் ஆல்பம் நாளடைவில் படத்தைப் பழுப்பாக்கும், பிய்த்தாலும் வராது. ஓரம் மட்டும் செருகும் ஆல்பமாகக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் யார் யார், எந்த ஊர், என்ன தேதி என்று எழுதி வையுங்கள்.