பதின்மூன்றாம் இடத்தின் விலை

அன்புள்ள தம்பிக்கு,

சாண்டா கிளாராவில் குடியேறியது முதல் அவ்வூர் மைதானத்தில் ஆடும் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் கழகத்தின் ஆட்டங்களை நீ சிரத்தையோடு பார்த்து வருகிறாய் என்பதையும், பழைய ஆட்டங்களின் பதிவுகளைக்கூடத் தேடிப் பார்க்கிறாய் என்பதையும் உன் கடிதத்தால் அறிந்து மகிழ்ந்தேன். 2020 பிப்ரவரி 2-ஆம் தேதி நடந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில், கடைசிக் கால்பகுதியில் 20-10 என்று முன்னிலையில் நின்றும் கான்ஸாஸ் சிட்டி சீஃப்ஸ் கழகத்திடம் 31-20 என்று தோற்றுப்போன அந்தக் கழகம், ஆறு வாரங்கள் கழித்து மார்ச் 16-ஆம் தேதி, தன் தற்காப்பு வரிசையின் நடுவே நான்கு ஆண்டுகள் மலைபோல் நின்ற டிஃபாரஸ்ட் பக்னரை இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் கழகத்துக்குக் கொடுத்துவிட்டதே, வெற்றியின் வாசல்வரை சென்ற எவனாவது தன் சிறந்த வீரனை இப்படி அனுப்புவானா என்று கேட்டிருக்கிறாய். இக்கேள்விக்கு ஒரு வரியில் விடை எழுதிவிட என்னால் முடியும். ஆனால் அவ்வாறு எழுதினால், அந்த முடிவில் இருந்த நியாயமும் தெரியாது, அதில் இருந்த பிசகும் தெரியாது.

முதலில் வரிசையைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்கர்களின் கால்பந்தில் பந்து அசைந்த கணத்திலேயே எதிரியின் மீது மோதுகிற முன்னணி வீரர்களையே தற்காப்பு வரிசை என்கிறோம். பெரும்பாலும் நால்வர்; இருவர் ஓரங்களில், இருவர் நடுவில். ஓரத்தில் நிற்பவன் வளைந்து ஓடிச் சென்று, பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் எதிரணி க்வார்ட்டர்பேக்கைப் பந்து கையில் இருக்கும்போதே வீழ்த்துவதைக் கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்து வரவேற்கிறது. 'சேக்' என்று அதற்குப் பெயரிட்டு எண்ணிக்கையும் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஓரங்களிலிருந்து ஆபத்து வரும்போது, தேர்ந்த க்வார்ட்டர்பேக் செய்கிற காரியம் ஒன்றுண்டு: இரண்டடி முன்னே நகர்ந்து, ஓடி வருகிறவர்களைத் தன் பின்னால் போகவிட்டு, அமைதியாகப் பந்தை வீசிவிடுவான். அந்த இரண்டடி நிலத்தை அவனுக்குக் கொடாமல் பறித்துக்கொள்வது நடுவில் நிற்பவனுடைய வேலை. இரண்டு தடுப்பாளர்கள் சேர்ந்து அவனைத் தாங்கிப் பிடித்தாலும் அவன் பின்வாங்காதிருப்பானாயின், ஓரத்தில் இருக்கும் தோழனுக்கு ஒருவனோடு மட்டும் பொருதுகிற வாய்ப்புக் கிடைக்கிறது. இவ்வகை உழைப்பு எண்ணிக்கைப் பட்டியலில் பாதிகூட ஏறுவதில்லை; ஆகவே அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது பந்தின் பின்னே கண்ணை ஓடவிடாமல், நடு வரிசையையே சில நிமிஷங்கள் பார்த்துக்கொண்டிரு என்று உன்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

2019 பருவத்தில் ஃபார்ட்டிநைனர்ஸின் வரிசை அபூர்வமான ஒன்று. ஆரிக் ஆம்ஸ்டெட், டிஃபாரஸ்ட் பக்னர், சாலமன் தாமஸ், நிக் போஸா, சீஃப்ஸ் கழகத்திடமிருந்து பெறப்பட்ட டீ ஃபோர்ட் ஆகிய ஐவருமே கல்லூரி வீரர்களைப் பகிர்ந்துகொள்ளும் டிராஃப்டின் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள். புதிதாக வந்த வீரனுக்கு டிராஃப்டில் எடுக்கப்பட்ட வரிசைப்படி சம்பளம் ஏறக்குறைய நிர்ணயமாகிவிடுவதால், முதல் நான்கைந்து ஆண்டுகள் அவன் தன் தகுதிக்கு மிகக் குறைந்த ஊதியத்திலேயே ஆடுகிறான். அதன்பின் அவனுடைய முழு விலையையும் கொடுத்தாக வேண்டும். 2020 மார்ச்சில் ஆம்ஸ்டெட்டின் ஒப்பந்தம் முடிந்திருந்தது. பக்னருக்கு ஏறக்குறைய 1.24 கோடி டாலர் சம்பளத்தில் இன்னும் ஓராண்டு பாக்கியிருந்தது. சேர்ந்து வளர்ந்த இருவருக்கும் விலை சொல்ல வேண்டிய காலம் ஒன்றாக வந்து சேர்ந்தது.

இங்கேதான் உச்சவரம்பு என்னும் விதி குறுக்கிடுகிறது. ஒரு கழகம் ஓராண்டில் வீரர்களுக்கென்று கணக்கில் ஏற்றக்கூடிய தொகைக்கு லீக் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. 1994-இல் இவ்விதி நடைமுறைக்கு வந்தபோது எல்லை 3.46 கோடி டாலர், 2020-இல் 19.82 கோடி, 2025-இல் 27.92 கோடி. முதலாளி குபேரனேயானாலும், ஊர் சிறியதேயானாலும், 32 கழகங்களுக்கும் எல்லை ஒன்றே. செல்வத்தால் வெற்றியை விலைக்கு வாங்குவதை இவ்விதி பெரிதும் தடுக்கிறது என்பதால் இதை நான் நல்ல விதியென்றே கருதுகிறேன். ஆயினும், ஒரு கழகம் தன் வீரர்களை எவ்வளவு நன்றாக வளர்க்கிறதோ அவ்வளவு விரைவில் அவர்களைப் பிரிய நேரும் என்ற துயரமும் இதனுள்ளேயே அடங்கியிருக்கிறது.

இந்த வரம்பை வளைத்துக் கொடுக்கும் வழி ஒன்றுண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது வீரனுக்கு மொத்தமாகக் கொடுக்கும் போனஸை ஒரே ஆண்டில் எழுத வேண்டியதில்லை. ஒப்பந்த காலத்துக்குச் சமமாகப் பிரித்து, அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்கு எழுதலாம். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் 2 கோடி டாலர் போனஸ் என்று வைத்துக்கொள். பணம் இன்றே வீரன் கைக்குப் போய்விடுகிறது, கணக்கிலோ ஆண்டுக்கு 40 லட்சம்தான் ஏறுகிறது. நடப்பாண்டுச் சம்பளத்தின் பெரும்பகுதியையும் பின்னர் போனஸாக மாற்றி அதேபோல முன்னே தள்ளலாம். ஆனால் மாடு வாங்கக் கடன்பட்டவன் மாட்டை விற்றுவிட்டாலும் தவணை தீர்ந்துவிடுவதில்லையே! இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த வீரனை விலக்கினால், இன்னும் எழுதப்படாத 1.2 கோடியும் திரண்டு வந்து வரம்பில் உட்காரும். ஜூன் முதல் தேதிக்குப் பின் விலக்கினால் அச்சுமையை இரண்டு ஆண்டுகளுக்குப் பங்கிடலாம். ஆடாத ஆளுக்காக வரம்பில் இடம் பிடிக்கும் இத்தொகையை 'டெட் மணி' என்பார்கள். தள்ளிப்போடும் வசதி இருக்கிறது என்பதற்காக எல்லோரையும் வைத்துக்கொள்ள முயன்ற கழகங்கள் சில ஆண்டுகளுக்குப்பின் எவரையும் வைத்துக்கொள்ள முடியாமல் தவித்ததுண்டு.

இவற்றையெல்லாம் மனத்தில் கொண்டு, பொது மேலாளர் ஜான் லின்ச்சும் பயிற்சியாளர் கைல் ஷானஹனும் எதிர்நோக்கிய கணக்கைப் பார். பக்னர் கேட்கக்கூடிய விலை ஆண்டுக்கு 2 கோடி டாலருக்கு மேல். அது அவ்வாண்டு வரம்பில் பத்தில் ஒரு பங்குக்கும் அதிகம். ஆம்ஸ்டெட்டோ சற்றுக் குறைந்த விலைக்கு இணங்கக்கூடியவர். டீ ஃபோர்டுக்கு முந்திய ஆண்டே பெரிய ஒப்பந்தம் கொடுத்தாகிவிட்டது. கழகத்தின் மற்றொரு வீரரான ஜார்ஜ் கிட்டில் புதிய ஒப்பந்தத்துக்குத் தன் முறை வரக் காத்திருந்தார். இன்னும் சில ஆண்டுகளில் போஸாவின் முறை வரும். அப்போது அவர் கேட்கும் தொகை மற்றெல்லாவற்றையும் சிறிதாக்கிவிடும் என்பதும் தெரிந்தே இருந்தது. ஆகவே கழகம் ஆம்ஸ்டெட்டுக்கு ஐந்தாண்டுகளில் 8.5 கோடி டாலர்வரை தரும் ஒப்பந்தத்தைக் கொடுத்தது. பக்னரைக் கொடுத்துக் கோல்ட்ஸிடமிருந்து டிராஃப்டின் 13-ஆம் இடத்தைப் பெற்றுக்கொண்டது. கோல்ட்ஸ் அவருக்கு நான்காண்டுகளுக்கு 8.4 கோடி டாலர் கொடுத்தது. தன் இருபத்தாறாவது பிறந்த நாளுக்கு முந்தின நாளில் அவர் ஊர் மாறினார்.

டிராஃப்ட் நாளன்று கழகம் 13-ஆம் இடத்தை டாம்பா பே கழகத்துக்குக் கொடுத்து, ஓரிடம் கீழிறங்கி, அதற்கு ஈடாக நான்காம் சுற்றில் ஓர் இடம் பெற்றது. அந்த நான்காம் சுற்று இடம் பின்னர் பிராண்டன் ஐயுக் என்னும் வீரரை எடுப்பதற்கான பரிவர்த்தனையில் பயன்பட்டது. 14-ஆம் இடத்தில் தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் ஜாவோன் கின்லா வந்தார். பக்னரின் ஸ்தானத்தில் நிற்க வேண்டியவர் அவரே. நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து அவருடைய சம்பளம் 1.6 கோடி டாலருக்குள் அடங்கியது. டாம்பா பே எடுத்த டிரிஸ்டன் வர்ஃப்ஸோ முதல் பருவத்திலேயே சூப்பர் பவுல் வென்ற அணியில் ஆடி, அடுத்த ஆண்டில் நாட்டின் தலைசிறந்த தடுப்பாளர்களில் ஒருவராக மதிக்கப்பட்டார்.

அதன்பின் நடந்ததை நீ ஓரளவு அறிவாய். 2020 பருவத்தின் இரண்டாம் ஆட்டத்திலேயே போஸாவும் தாமஸும் முழங்கால் தசைநார் அறுந்து அவ்வாண்டை இழந்தார்கள். ஃபோர்ட் ஓர் ஆட்டத்தோடு நின்றார். கழகம் 6 வெற்றி, 10 தோல்வி என்று முடித்தது. பக்னர் இண்டியானாபொலிஸில் 9.5 சேக்குகளோடு, லீக் முழுவதிலிருந்தும் அவ்வாண்டின் சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'ஆல்-ப்ரோ' முதல் அணியில் இடம்பெற்றார். கின்லாவின் முழங்கால் அவரை 2021-இல் நான்கு ஆட்டங்களுக்குமேல் ஆட விடவில்லை. அப்போது நடு வரிசையில் யார் நின்றது தெரியுமா? ஓரத்தில் ஆடிப் பழகிய ஆம்ஸ்டெட்டே உள்ளே நகர்ந்து, பிரிந்து போன தோழனுடைய வேலையைத் தன் தோள்மேல் ஏற்றுக்கொண்டார். அந்த மனிதரின் பெருந்தன்மையை நான் எப்போதும் மதிக்கிறேன்.

ஆனால் காயங்களைக் காட்டி ஒரு முடிவைத் தவறென்று சொல்வது நேர்மையாகாது. மார்ச் மாதத்தில் எவர் முழங்காலையும் எவரும் முன்கூட்டி அறிய முடியாது. அந்நாளில் மேசைமேல் இருந்த ஆதாரங்களைக் கொண்டே நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அவ்வாதாரங்கள் என்ன சொல்லின? பக்னர் நான்கு ஆண்டுகளின் 64 ஆட்டங்களில் 63-இல் ஆடியவர். ஆம்ஸ்டெட் 2016, 2017 ஆகிய இரண்டு பருவங்களின் ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால், காயத்தால் பாதிக்குமேல் இழந்தவர். ஆம்ஸ்டெட் 2019-இல் ஒரே ஆண்டில் எடுத்த 10 சேக்குகள் அதற்கு முந்திய நான்கு ஆண்டுகளிலும் சேர்த்து அவர் எடுத்த 9-ஐவிட அதிகம். நான்காண்டு நிலைத்த தரத்தையும் ஓராண்டின் உச்சத்தையும் தராசில் வைத்தபோது, கழகம் பின்னதைக் குறைந்த விலைக்கு வாங்கிற்று. முன்னதை, இன்னும் பெயர் தெரியாத ஒரு கல்லூரி இளைஞனுக்காகக் கொடுத்தது. கூட்டல் கழித்தலில் பிழையில்லை. 13-ஆம் இடம் என்பது ஒரு சாத்தியம் மாத்திரமே என்பதையும், பக்னர் என்பவர் கண்முன் நிற்கும் நிச்சயம் என்பதையும் சமமான சரக்குகள்போல் எடைபோட்டதையே நான் பிசகென்று கருதுகிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைத்தால் உனக்கு அநியாயம் செய்தவனாவேன். மிச்சம் பிடித்த இடத்தைக் கழகம் வீணாக்கவில்லை. கிட்டில், ஃப்ரெட் வார்னர், டிரெண்ட் வில்லியம்ஸ் முதலிய வீரர்களுக்குப் பெரிய ஒப்பந்தங்கள் கொடுக்க முடிந்தது. 2021, 2022, 2023 ஆகிய மூன்று பருவங்களிலும் இறுதிக்கு முந்திய ஆட்டம்வரையாவது அது சென்றது. பக்னரைப் பெற்ற கோல்ட்ஸோ 2020-இல் 11 ஆட்டங்கள் வென்றும் பிளேஆஃப்ஸின் முதல் சுற்றிலேயே பஃபலோவிடம் வீழ்ந்தது. நடு வரிசையில் எத்தனை பலம் இருந்தாலும், நிலையான க்வார்ட்டர்பேக் இல்லாத கழகம் அதனால் மட்டும் உயர்ந்துவிடாது.

ஆகையால் ஃபார்ட்டிநைனர்ஸைப் பக்னரைப் பெற்றவர்களோடு ஒப்பிடாதே; அதே ஆண்டில் அதே இக்கட்டைச் சந்தித்த சீஃப்ஸோடு ஒப்பிட்டுப் பார். பக்னர் வந்த 2016 டிராஃப்டிலேயே இரண்டாம் சுற்றில் வந்த கிறிஸ் ஜோன்ஸ் அக்கழகத்தின் நடு வரிசை வீரர். மயாமியில் ஃபார்ட்டிநைனர்ஸை வென்ற அந்த 2020 இறுதிப் போட்டியின் கடைசிப் பகுதியில் கைகளை உயர்த்திப் பந்துகளைத் தட்டிவிட்டவர் அவரே. அவருடைய ஒப்பந்தமும் அந்த மார்ச்சில்தான் முடிந்தது. கழகம் 'ஃபிரான்சைஸ் டேக்' என்னும் உரிமையைப் பயன்படுத்தி அவரை நிறுத்திவைத்து, ஜூலையில் நான்காண்டு ஒப்பந்தம் கொடுத்தது. தன் க்வார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸுக்கு 45 கோடி டாலர் ஒப்பந்தம் எழுதியதும் அதே மாதத்தில்தான். வரம்பு அவர்களையும் விடவில்லை. 2022 மார்ச்சில் மின்னலாய் ஓடும் டைரீக் ஹில்லை மயாமிக்குக் கொடுத்து ஐந்து டிராஃப்ட் இடங்களைப் பெற்றார்கள். பந்தைப் பிடிப்பவனுக்கு மாற்று காணலாம், நடுவை உடைப்பவனுக்குக் காண்பது அரிது என்று அவர்கள் எண்ணினார்கள். அவ்வெண்ணமே சரியென்பது என் அபிப்பிராயம். 2024 பிப்ரவரியில் லாஸ் வேகஸில் இவ்விரு கழகங்களும் சூப்பர் பவுலில் மறுபடி மோதிக் கூடுதல் நேரத்துக்குப் போனபோது, கோட்டுக்கு அருகில் வந்துவிட்ட ஃபார்ட்டிநைனர்ஸின் மூன்றாம் முயற்சியில் தடையின்றிப் பாய்ந்து வந்து க்வார்ட்டர்பேக் பிராக் பர்டியை அவசரமாக வீசச் செய்தவர் அதே ஜோன்ஸ். ஃபார்ட்டிநைனர்ஸ் மூன்று புள்ளிகளோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று. 25-22 என்று தோற்றது.

அடுத்த மாதமே ஆம்ஸ்டெட்டிடம் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளும்படி கழகம் கேட்டது. அவர் இணங்கவில்லை, விலக்கப்பட்டு ஜாக்சன்வில்லுக்குச் சென்றார். செய்திகளின் தலைப்பில் எட்டரைக் கோடி என்று வந்த ஒப்பந்தத்தின் ஐந்தாம் ஆண்டு நடைபெறவேயில்லை. இந்த விளையாட்டில் ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையைவிட, உறுதியளிக்கப்பட்ட பகுதி எவ்வளவு என்பதே முக்கியம். இளைஞர்கள் பெரும்பாலும் முதல் எண்ணைப் பார்த்து வியந்து நின்றுவிடுகிறார்கள். கின்லாவும் அதே வசந்தத்தில் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போய்விட்டார். ஐவர் நின்ற அந்த வரிசையில் மிஞ்சியவர் போஸா ஒருவரே.

அவருக்கு 2023 செப்டம்பரில் எழுதப்பட்டது ஐந்தாண்டுகளுக்கு 17 கோடி டாலர் ஒப்பந்தம். அதில் உறுதியளிக்கப்பட்டது 12.25 கோடி. அதில் போனஸாகக் கொடுத்தது எவ்வளவு, அது எந்தெந்த ஆண்டுகளில் வரம்பின்மேல் எவ்வாறு விழுகிறது என்பதை நான் மேலே சொன்ன முறைப்படி நீயே ஒரு தாளில் போட்டுப் பார்த்து, அதனால் அடுத்த மார்ச்சில் கழகம் யாரைப் பிரிய நேரும் என்று உனக்குத் தோன்றுவதை எனக்கு விரிவாக எழுது.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அண்ணன்