வேனிலிற் கறவை பேணல்

பாண்டியரின் முத்துத்துறையாயிருந்த கொற்கை, கடல் விலகியமையால் இன்று வயல்நடுவே நிற்கின்றது. ஸ்ரீவைகுண்டம் வடகாலிற் பாயும் அவ்வயல்களிற் பிசான அறுவடை முடிந்தபின், கார் நடவுவரை நெற்றாளும் வைக்கோலுமே கறவைகட்கு இரை. முத்துப் போயிற்று, வைக்கோற்போரே நமக்குச் செல்வம்!

ஆயின் வைக்கோல் வயிற்றை நிரப்புமேயன்றிப் பாலைப் பெருக்காது. அதிற் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் மிகக் குறைவு. ஆத்தூர்க் கொடிக்கால்களில் வெற்றிலை படர நடும் அகத்தியின் தழையைச் சிறிது சேர்த்தளித்தல் நலம். வெயில் ஏறுமுன்னும் தாழ்ந்தபின்னும் மேய்த்து, நண்பகலில் நிழலிற் கட்டுதல் வேண்டும்.

கோடைமழை பெய்தவுடன் நாம் மகிழ்ந்து மாட்டை அவிழ்த்துவிடுகின்றோம். அபாயம் அங்கேயே உளது. வறட்சியில் வாடி மீளத் தளிர்த்த இளஞ்சோளத்தில் ஹைட்ரோசயனிக் அமிலமென்னும் நஞ்சு மிகும். பசுமைக்கு ஏங்கிய பசு அதனை வயிறார மேய்ந்தால், வைத்தியரை அழைக்குமுன்னரே மாண்டுபோதலுங் கூடும். பூத்த பயிரில் நஞ்சு குறைவு. அதுவரை, புன்செய்ப் பக்கம் ஓட்டும் சிறுவனுக்கு அவ்விளம்பயிரைக் காட்டி வைப்போமாக.