நூலகம் செல்வோம், படிப்போம்

முன்னுரை

படிப்பதற்குப் புத்தகம் வேண்டும், விளக்கு வேண்டும், நேரம் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். இம்மூன்றும் இருந்தும் படிக்க முடியாமல் போவதுண்டு. ஏனென்றால் உட்கார்ந்து படிக்க ஓர் இடமும் வேண்டும். அந்த இடம் நம்மில் பலருடைய வீட்டில் இல்லை. என் வீட்டிலும் இல்லை.

எங்கள் வீடு பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள ஒரு மீனவர் குப்பத்தில் இருக்கிறது. ஒரே அறை, அதில் ஒரு மூலை முழுவதும் அப்பாவின் வலை. அப்பா விடியற்காலை மூன்று மணிக்குத் தொழிலுக்குப் புறப்படுவதால், இரவு எட்டு மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துவிட வேண்டும். அதற்கு முன்னே படிக்கலாம் என்றால், நண்டு விலையும் இறால் விலையும் பேச அக்கம்பக்கத்தார் வந்துவிடுவார்கள். தம்பி தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்துவிடுவான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு தேர்வில் கணக்கில் இருபத்தெட்டு மதிப்பெண் வாங்கினேன். என் அக்கா பத்தாம் வகுப்புத் தேறவில்லை. அவள் இன்று இறால் உரிக்கும் வேலைக்குப் போகிறாள். "நீயும் அவளோடு போகவேண்டியதுதான்" என்று உறவினர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

அப்போது எங்கள் வகுப்பாசிரியையான சிஸ்டர் என்னை அழைத்து, "வீட்டில் இடமில்லை என்றால் நூலகத்துக்குப் போயேன்" என்றார்கள். அந்த ஒரு சொல்லால் நான் கற்றுக்கொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதல் நாள்

அப்பாவிடம் கேட்டேன். "ஏம்மா, வீட்டிலே படிச்சா ஏறாதா? பொண்ணு தனியா பஸ் ஏறிப் போக வேணாம்" என்றார். அம்மாதான் வழி கண்டுபிடித்தார்கள். "நான் மீன் விற்கப் போகையில் கூட்டிப் போறேன், கூட்டி வரேன்" என்றார்கள்.

நாங்கள் முதலில் போனது ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி விடுமுறை நாள். நூலகம் பூட்டியிருந்தது! கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. பள்ளிக்குச் செல்லும் நமக்கு இது எவ்வளவு வசதி என்று பாருங்கள்.

ஞாயிறன்று மறுபடி போனோம். உள்ளே நாற்காலிகள் எல்லாவற்றிலும் ஆண்கள் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நகரவில்லை. ஒருவர் அம்மாவின் கூடையைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். அம்மா ஒன்றும் சொல்லாமல் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நூலகர் அம்மையார் அதைப் பார்த்துவிட்டு, சன்னலோரம் ஒரு முக்காலியைப் போட்டு, "இது இனி உன் இடம்" என்றார். உறுப்பினர் படிவத்தில் அம்மா கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அம்மாவுக்குத் தம் பெயரை மட்டுமே எழுதத் தெரியும். மெதுவாக, எழுத்து எழுத்தாக எழுதினார்கள். நான் படித்து முடிக்கும்வரை இரண்டு மணி நேரம் காலிக் கூடையோடு மரத்தடியில் காத்திருந்தார்கள்.

நூலகம் யாருக்குச் சொந்தம்?

மூக்கைப் பொத்தியவரைப் பற்றி அன்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு நூலக வரலாற்றைப் படித்தபோது கோபம் போய்த் துணிவு வந்தது.

நம் மாநிலத்தில் 1948-ஆம் ஆண்டிலேயே சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. நாடு விடுதலை பெற்றபின் இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் இதுவே. இது 1950-இல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கப்படுகிறது. குடிசைக்காரர் கொடுத்தாலும் மாளிகைக்காரர் கொடுத்தாலும் அந்தப் பணத்தில்தான் நூல்கள் வாங்கப்படுகின்றன. அப்படியானால் அந்த முக்காலியில் என் அம்மாவுக்கும் பங்கு உண்டு அல்லவா?

இச்சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். கணிதப் பேராசிரியராக இருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை வகுத்து 1931-இல் நூலாக வெளியிட்டார். நூல்கள் பூட்டி வைக்க அல்ல, பயன்படுவதற்கே. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் கிடைக்க வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் உயிருள்ளது போல வளர்ந்துகொண்டே இருக்கும். இவையே அவர் கூறிய விதிகளின் கருத்து. அவருடைய பிறந்தநாளான ஆகஸ்டு 12 தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அதே 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் கனகசபை பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். படிக்க வர இயலாதவரிடம் நூலே சென்றது. நமக்கோ பேருந்து இருக்கிறது. நாம் போக வேண்டாமா?

புத்தகத்தைத் தேடும் முறை

ஆயிரக்கணக்கான நூல்களில் நமக்கு வேண்டியதை எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் எந்தக் குப்பத்தார் எந்த இடத்தில் வலை போடுவது என்று முன்னதாகவே முறை வைத்துவிடுவார்கள். அவரவர்க்கு அவரவர் இடம். அதனால் சண்டை இல்லை, குழப்பம் இல்லை. நூலக அலமாரியும் அப்படித்தான். ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணே அதன் இடம்.

அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட பகுப்பு முறையில் அறிவுத்துறைகள் யாவும் பத்துப் பெரும் பிரிவுகளாக உள்ளன. 500 என்பது அறிவியல். அதில் 510 கணிதம், 530 இயற்பியல், 540 வேதியியல். 800 இலக்கியம். 900 வரலாறும் புவியியலும். இரங்கநாதன் 1933-இல் கோலன் பகுப்பு முறை என்ற மற்றொரு முறையை வெளியிட்டார். எந்த முறையாயினும் நூலின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைக் கவனித்தால் போதும். எடுத்த நூலை வேறு அலமாரியில் செருகிவிட்டால், அடுத்து வருபவருக்கு அந்த நூல் தொலைந்ததற்குச் சமம். எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் மேசைமீதே விட்டுவிடுங்கள், நூலகர் வைத்துக்கொள்வார்.

படிக்கும் முறை

நூலகத்துக்குப் போவது வேறு, அங்கே படிப்பது வேறு. முதல் மாதம் நான் வார இதழ்களைப் புரட்டியே பொழுதைப் போக்கினேன். பிறகு சிஸ்டர் சொல்லிக் கொடுத்தபடி சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டேன்.

முதலாவது, கேள்வியோடு போக வேண்டும். புரியாத இரண்டு கேள்விகளை வீட்டிலேயே நோட்டில் எழுதிக்கொண்டு போவேன். இரண்டாவது, கடினமான பாடத்தை முதலில் எடுக்க வேண்டும். எனக்குக் கணக்கு கடினம். ஆகவே முதல் ஒரு மணி நேரம் கணக்குக்கு. மூன்றாவது, படித்ததை நூலை மூடிவிட்டு எழுதிப் பார்க்க வேண்டும். எழுத வராத இடமே நமக்குத் தெரியாத இடம். நான்காவது, குறிப்பு எடுக்கும்போது நூலின் பெயரையும் பக்க எண்ணையும் எழுத வேண்டும். ஐந்தாவது, கடைசி அரை மணி நேரம் பாடத்தில் இல்லாத ஒரு நூலைப் படிக்க வேண்டும். இந்த ஐந்தாவது பழக்கமே எனக்குப் பெரிய பரிசைத் தந்தது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

"கைப்பேசியில் எல்லாம் கிடைக்கிறதே" என்று சில தோழியர் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரே கைப்பேசி. அதுவும் அப்பாவோடு ஏரிக்குப் போய்விடும். இருந்தாலும் அதில் ஒன்றைத் தேடத் தொடங்கினால் வேறு பத்து நம்மை இழுத்துப் போகும். நூலகத்தில் சுற்றிலும் எல்லோரும் படிப்பதைப் பார்த்து நமக்கும் படிக்கத் தோன்றுகிறது.

ஊரைக் கண்டேன்

ஒரு ஞாயிறன்று அந்தக் கடைசி அரை மணி நேரத்தில், ஐரோப்பியர் வருகையைப் பற்றிய ஒரு நூலைப் புரட்டினேன். எங்கள் ஊர்ப் பெயர்! டச்சுக்காரர் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள் என்றும், 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் பழவேற்காடே என்றும் அதில் இருந்தது. சிறுவயதில் நாங்கள் ஓடிப்பிடித்து விளையாடிய பழைய கல்லறைத் தோட்டத்தின் எலும்புக்கூடு செதுக்கிய கற்களுக்குப் பொருள் அன்றுதான் புரிந்தது.

ஆபிரகாம் ரோஜெரியுஸ் என்ற டச்சுப் போதகர் 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் வாழ்ந்தார். பத்மநாபன் என்ற அந்தணரிடம் கேட்டறிந்து, இந்நாட்டு மக்களின் சமயத்தையும் பழக்கங்களையும் பற்றி ஒரு நூல் எழுதினார். அது அவர் இறந்தபின் 1651-இல் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் வெளிவந்தது. பர்த்ருஹரியின் பாடல்கள் பலவற்றை அதில் டச்சு மொழியில் தந்திருந்தார். எங்கள் ஏரிக்கரையில் கேட்டறிந்த செய்திகளை ஐரோப்பாவில் படித்திருக்கிறார்கள் என்பதை எண்ணி எனக்கு மெய்சிலிர்த்தது.

இன்னொரு நாள் மீன்வளம் பற்றிய நூல் ஒன்று கிடைத்தது. இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்கின்றன. வளர்ந்தபின் கடலுக்குத் திரும்புகின்றன. ஆகையால் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் ஏரியில் இறால் குறைந்துவிடும். இதை நோட்டில் எழுதிவந்து அன்று இரவு அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பா வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டு, "அட, இது எங்க தாத்தா காலத்துலேருந்து நாங்க சொல்றதுதானே! இதையும் புத்தகத்துல போட்டிருக்காங்களா? இன்னொரு தபா படி" என்றார். மூன்று முறை படிக்கச் சொன்னார். பிறகு, "முகத்துவாரம் ஏன் அடைபடுதுன்னு அடுத்த வாரம் பார்த்துட்டு வா" என்றார்.

அன்றுமுதல் ஞாயிறு காலையில் என்னைப் பேருந்து நிறுத்தத்தில் கொண்டுவந்து விடுபவர் அப்பாதான். இப்போது எட்டு மணிக்கு மேலும் அரை மணி நேரம் விளக்கு எரிகிறது. சென்ற அரையாண்டுத் தேர்வில் கணக்கில் அறுபத்தொன்று வாங்கினேன். முதல் மதிப்பெண் இல்லைதான். ஆனால் உறவினர் யாரும் இப்போது இறால் உரிக்கும் வேலையைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை.

முடிவுரை

சென்னை எழும்பூரில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்துக்கு, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நம் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்கவும் தனிப்பகுதி உண்டு. அவற்றை ஒருநாள் காண வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் தொடக்கம் அருகிலுள்ள கிளை நூலகத்தின் ஒரு முக்காலிதான்.

பெற்றோர்களே! உங்கள் பெண்ணை வாரம் ஒருநாள் நூலகத்துக்கு அனுப்புங்கள். தனியே அனுப்பத் தயக்கமாயின் தோழியர் நால்வரைச் சேர்த்து அனுப்புங்கள்; ஒரு முறையாவது நீங்களும் உடன் செல்லுங்கள். மதிப்புக்குரிய சிஸ்டர்மார்களே! தேர்வு முடியும்வரை நம் பள்ளி நூலகத்தைச் சனிக்கிழமைகளிலும் திறந்து வைத்தால், இடமில்லாத பல வீட்டுப் பிள்ளைகள் நன்றியோடு வருவார்கள். தோழியரே! நூலகத்தில் யாரேனும் உங்களைப் பார்த்து முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். அந்த இடம் நம்முடையது.

சென்ற வாரம் அம்மா மரத்தடியில் உட்காரவில்லை. கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து என் அருகில் அமர்ந்தார்கள். நூலகர் அம்மையார் அரிச்சுவடி ஒன்றை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா இப்போது தம் பெயரில் இல்லாத எழுத்துகளையும் கற்று வருகிறார்கள்.

— ஒரு மாணவி, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு