கண்புரைக்குப் பின்னால்

எர்ணாவூரில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரு கண்களிலும் கண்புரை அறுவை செய்துகொண்ட பின் ஒருநாள் என்னிடம் கேட்டார்: "இன்னா சார், ரெண்டு கண்ணுலயும் ஒரே மாதிரி லென்சுதானே வெச்சாங்க? வலது கண்ணுல மட்டும் ஓரமா வர்ற சைக்கிள் தெரியலையே?"

நியாயமான கேள்வி. மாணவர்களே, விடையைப் பௌதிகத்தின் துணையோடு தேடுவோம்.

கண்ணைக் காமிராவுக்கு ஒப்பிடுவது நீங்கள் அறிந்ததே. ஒளியைக் குவிக்கும் திறனில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கார்னியாவுக்கு உரியது, எஞ்சியது லென்சுக்கு. ஃபிலிமின் இடத்தில் இருப்பது விழித்திரை. அங்கு விழும் பிம்பம் மின்குறிகளாக மாறிப் பார்வை நரம்பின் வழியே மூளைக்குச் செல்கிறது.

வயதாக ஆக, லென்சிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. அத்திரள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. எண்ணூர் விரைவுச் சாலையில் எதிரே வரும் லாரியின் விளக்கு, கண்புரை உள்ளவருக்கு அளவுக்கு மீறிக் கூசுவது இதனால்தான். மங்கிய லென்சை அகற்றிச் செயற்கை லென்ஸ் பொருத்தும் முறையை 1949-இல் லண்டனில் ஹரால்டு ரிட்லி தொடங்கிவைத்தார். மதுரையில் அரோலாப் நிறுவனம் 1992 முதல் இத்தகைய லென்சுகளைக் குறைந்த விலையில் செய்து வருகிறது.

லென்சை மாற்றலாம், ஃபிலிமையும் நரம்பையும் மாற்ற முடியுமா? முடியாது. முதுமையில் அவற்றைத் தாக்கும் நோய்கள் முக்கியமாக மூன்று.

முதலாவது கிளாகோமா. கண்ணின் முன்பகுதியில் ஒரு நீர்மம் ஓயாமல் சுரந்து வடிகிறது. கண்ணின் உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடச் சாதாரணமாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவு மிகுந்திருக்கும். வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு நசியும். (அழுத்தம் ஏறாமலே சிலருக்கு இந்நோய் வருவதுண்டு.) முதலில் போவது பெரும்பாலும் ஓரப்பார்வை, வலியும் இருப்பதில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை நகரிலும் அருகிலுள்ள கிராமங்களிலும் 40 வயதைக் கடந்தவர்களிடம் சங்கர நேத்ராலயா ஓர் ஆய்வு நடத்தியது. கிளாகோமாவின் ஒரு முக்கிய வகை இருந்தவர்களில், பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அதை அதுவரை அறியாதவர்கள்!

இரண்டாவது, விழித்திரையின் நடுப்புள்ளியாகிய மாகுலா சிதைவது. இதில் ஓரம் தெரியும். நேரே உள்ள முகம் தெரியாது. மூன்றாவது, சர்க்கரை நோயால் விழித்திரையின் நுண்குழாய்கள் கசிவது.

கண்புரை முற்றினால் இவையெல்லாம் அதன் பின்னால் மறைந்துவிடும். நோயாளியால் வெளியே பார்க்க முடியாதபோது, மருத்துவராலும் உள்ளே பார்க்க முடியாது. அப்போது ஒளிக்குப் பதில் ஒலி கைகொடுக்கிறது. மீயொலி மங்கிய லென்சையும் ஊடுருவும். அதன் எதிரொலி, விழித்திரை இடம் பெயர்ந்திருந்தால் காட்டிக் கொடுக்கும். ஆனால் நரம்பின் நுண்ணிய சேதத்தை அதனால் சொல்லிவிட முடியாது. ஆகவே புரை "பழுக்கட்டும்" என்று காத்திருப்பது தவறு.

ஒரு சோதனை செய்வோமா? 10 செ.மீ. சதுரத்தில் 5 மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கோடுகள் வரைந்து, நடுவில் புள்ளி வையுங்கள். தாத்தாவோ பாட்டியோ படிக்கும் கண்ணாடியை அணிந்து, ஒரு கண்ணை மூடி, 30 செ.மீ. தொலைவில் புள்ளியை மட்டும் பார்க்கட்டும். பிறகு மறு கண். கோடுகள் நெளிந்தாலோ மறைந்தாலோ, மாகுலாவைக் காட்ட உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கிளாகோமாவை இது காட்டாது; அதற்கு அழுத்தத்தையும் நரம்பையும் மருத்துவரே பார்க்க வேண்டும்.

நம் பெரியவருக்கு இருந்தது கிளாகோமா. மங்கலுக்கெல்லாம் புரையே காரணம் என்றெண்ணிச் சில ஆண்டுகள் காத்திருந்துவிட்டார். போன ஓரப்பார்வை திரும்பாது. எஞ்சியதைக் காக்க, இப்போது நாள் தவறாமல் சொட்டு மருந்து போட்டுக்கொள்கிறார். நேரத்தை நினைவூட்டுவது ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவருடைய பேத்தி.