காய்ந்த இலை பறந்தது

இடுக்கி மாவட்டத்தில் உள்ள மலை ஊர் வட்டவடை. கேரளத்தில் இருந்தாலும் இங்கே தமிழ் பேசுகிறவர்கள் அதிகம். மலைச் சரிவில் படிப்படியாக நிலம். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் விளையும். பழ மரங்களும் உண்டு.

அங்கே ஒரு வீட்டில் இரண்டு ஆரஞ்சு மரங்கள். பழம் பழுக்கும் நேரம். தினமும் காலையில் நாலைந்து பழங்கள் உதிர்ந்து கிடந்தன.

"ஊர்க்கண்ணு பட்டுருச்சு" என்றார் மாமியார்.

மருமகள் ஒரு பழத்தை எடுத்துப் பார்த்தாள். தோலில் குண்டூசி குத்தியது போல் ஒரு துளை. அதைச் சுற்றி அழுகல்.

"கண்ணு இல்லே அத்தை. ஏதோ குத்தியிருக்கு. ராத்திரி வந்து பார்ப்போம்."

இருட்டியதும் இருவரும் டார்ச் விளக்குடன் போனார்கள். ஒரு பழத்தின் மேல் காய்ந்த இலை ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட மாமியார் கையை நீட்டினார். இலை பறந்தது! உள்ளே பளிச்சென்று மஞ்சள் நிறம் தெரிந்தது.

அந்த இலை எது?

அது இலை அல்ல. பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி. ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை பல நாடுகளில் இது உண்டு. இந்தியாவிலும் உண்டு.

இதன் முன் இறக்கைகள் பழுப்பு நிறம். இலை நரம்பு போன்ற கோடுகளும் இருக்கும். பகலில் அசையாமல் இருக்கும். பறவைகள் காய்ந்த இலை என்று நினைத்து விட்டுவிடும். பின் இறக்கைகள் ஆரஞ்சு கலந்த மஞ்சள். அதில் கறுப்பு அடையாளம் இருக்கும். ஆபத்து வந்தால் திடீரென்று அதைக் காட்டும். பறவை திகைக்கும். அதற்குள் பூச்சி தப்பிவிடும்.

பெரும்பாலான அந்துப்பூச்சிகளின் உறிஞ்சு குழல் மென்மையானது. இதன் குழலோ கெட்டியானது. நுனியில் முட்கள் உண்டு. ஆரஞ்சு, சாத்துக்குடி, மாதுளை, கொய்யா ஆகியவற்றின் தோலைத் துளைக்கும். சாற்றைக் குடிக்கும். துளை வழியாகப் பூஞ்சைக் கிருமிகள் நுழையும். பழம் அழுகி உதிரும்.

குஞ்சுகள் எங்கே?

இதன் புழுக்களைப் பழ மரத்தில் தேடினால் கிடைக்காது. தாய்ப்பூச்சி சீந்தில் கொடியிலும் அதன் இனக் கொடிகளிலும் முட்டையிடும். புழுக்கள் அந்த இலைகளைத் தின்று வளரும்.

மருந்து அடித்தால் என்ன?

பூச்சி இரவில் வெளியிலிருந்து வருகிறது. பழத்தின் உள்ளே இருக்கும் சாற்றைக் குடிக்கிறது. தோலின் மேல் அடித்த மருந்து அதைத் தடுப்பது கடினம். ஆனால் பறிக்கும் நேரத்தில் அடித்த விஷம் நம் வயிற்றுக்குள் போகும். பணமும் வீண்.

வேறு வழிகள் உண்டு:

1. பழம் முதிரும் முன்பே பை போட்டுக் கட்டலாம்.
2. உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிப் புதைக்கலாம். அவற்றின் வாசனை பூச்சியை அழைக்கும்.
3. பொழுது சாய்ந்ததும் தோட்டத்தில் புகை போடலாம்.
4. டார்ச் விளக்குடன் சென்று பூச்சிகளைப் பிடிக்கலாம்.
5. தோட்டத்தை ஒட்டி உள்ள சீந்தில் கொடியை அகற்றலாம். காட்டில் உள்ளதை வெட்ட வேண்டாம். அது மருந்துக் கொடி.

மறுநாள் மாமியார் பழைய துணியை எடுத்துப் பைகள் தைத்தார். மருமகள் பழங்களுக்குக் கட்டினாள்.

"கண்ணு பட்டுச்சுன்னு சும்மா இருந்திருந்தா, எல்லாப் பழமும் போயிருக்கும்" என்றார் மாமியார்.

பேசுவோம்

1. பூச்சி பறவைகளிடமிருந்து எப்படித் தப்புகிறது?
2. பழத்தில் துளை விழுந்த பின் என்ன நடக்கிறது?
3. உங்கள் ஊரில் பழங்கள் உதிர்கின்றனவா? உதிர்ந்த பழத்தில் துளை இருக்கிறதா? பார்த்துச் சொல்லுங்கள்.